பந்தய மோட்டாரும் உயிர்க் காப்பும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள் விடியற்பொழுதில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே, அடைமழையால் கரைபுரண்டு ஓடிய மருதையாற்றுப் பாலத்தை நெருங்கிய வேளையில், தண்டவாளத்தைத் தாங்கி நின்ற மண்கரையை வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டபடியால், என்ஜினும் முன்பெட்டிகள் பலவும் ஆற்றில் கவிழ்ந்து, உறக்கத்திலிருந்த பிரயாணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மகபூப்நகரில் நேர்ந்த மற்றொரு ரயில் விபத்துக்காக ராஜினாமாச் செய்ய முன்வந்து, பிரதமர் நேருவின் வற்புறுத்தலால் பதவியில் நீடித்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, அரியலூர்ச் செய்தி கிடைத்தபின் எவர் தடுத்தும் நில்லாமல் பதவியைத் துறந்தார். என்ஜின் பழுதுபடவில்லை, தண்டவாளம் தேயவில்லை, ஆயினும் கரை கரைந்ததனால் எல்லாமே வீணாயின. பிரயாணத்தின் பாதுகாப்பு தனித்தனிச் சாதனங்களில் இல்லை, அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தொகுதியில் இருக்கிறது என்ற உண்மையை இவ்வட்டாரத்து மக்கள் இத்தகைய பெரும் விலை கொடுத்துத்தான் அறிந்தார்கள்.

ரயிலுக்கு உரிய அந்த உண்மை மோட்டாருக்கும் உரியதே. திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகவே போகிறது. அச்சாலையை ஒட்டிய நாரணமங்கலத்தில், இந்திய மோட்டார்ப் பந்தயத்தோடு நெடுங்காலமாகப் பெயர் பிணைந்த எம்.ஆர்.எப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை இயங்குகிறது. அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளிலோ, சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. இத்தகைய நாட்டில் வளர்ந்து, நல்ல கார் ஒன்று கைக்கு வந்ததும் அதன் வேகத்தை முழுவதும் காண விரும்பும் இளைஞன், அவ்விருப்பத்தைப் பொதுச்சாலையில் தீர்த்துக்கொள்ளாமல், கட்டணம் செலுத்தினால் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்க இடம் தரும் பந்தயத் தளத்தை நாடுவானாயின், அது பாராட்டத்தக்க செயலேயாகும். ஆனால் சாலைக்கென்று செய்யப்பட்ட காரைத் தளத்துக்குக் கொண்டுபோகும்போது எந்தக் காப்புச் சாதனங்களைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்விக்குக் கடைக்காரரின் விலைப்பட்டியலில் விடை தேடுவதைக் காட்டிலும், அச்சாதனங்கள் எந்தெந்த மரணங்களின் விளைவாகத் தோன்றின என்ற சரித்திரத்தில் தேடுவதே நலம்.

தமிழ்நாட்டில் இந்தச் சரித்திரம் சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சென்னைக்கு வடக்கே அமைக்கப்பட்ட விமானத் தளம், யுத்தம் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. 1953-இல் இந்து சந்தோக் முதலிய ஆர்வலர்கள் கூடி நிறுவிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அத்தளத்தின் ஓடுபாதைகளையே பந்தயப் பாதையாக்கிக்கொண்டது. ஆண்டுதோறும் நடைபெற்ற சோழவரப் பந்தயங்களைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களிலிருந்தெல்லாம் ஓட்டுநர்கள் வந்தனர். ஓடியவற்றில் அயல்நாட்டுப் பந்தய யந்திரங்களும் சில இருந்தன. எனினும், அன்றாடம் ஆபீசுக்கும் கடைவீதிக்கும் போய்வந்த பியட்டும் ஹெரால்டும், பட்டறை மெக்கானிக்குகளின் கைவண்ணத்தால் வேகம் பெற்று அங்கே ஓடியதை எண்ணும்போது, சாலைக் காரைத் தளத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று என்பது விளங்கும்.

யுத்தகால விமானத் தளத்தைப் பந்தயத்துக்குப் பயன்படுத்துவது அக்காலத்தில் உலகெங்கும் இருந்த வழக்கமே. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் தளமும் 1948-இல் அவ்வாறே பிறந்தது. அங்கே வைக்கோற் பொதிகளும் தகரப் பீப்பாய்களுமே பாதையின் எல்லையைக் குறித்தன. ஓட்டுநர்களோ துணிக் குல்லாவும் காற்றுக்கண்ணாடியும் அணிந்து, அரைக்கைச் சட்டையோடு காரில் அமர்ந்தனர். காப்பை நாடுவது கோழைமை என்ற எண்ணம் வீரர்களிடையே மிகுந்திருந்தபடியால், உலகப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாவதற்கே 1952-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

1955 ஜூன் 11 அன்று பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில், லெவே என்பவர் ஓட்டிய மெர்சிடிஸ் கார் முன்சென்ற காரின்மேல் மோதி எழும்பிச் சிதறி, பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தளப் பந்தயங்களையே தடைசெய்துவிட்டது. மறு ஆண்டில் அமெரிக்காவில் பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநர், கவசம் அணிந்திருந்தும், அக்கவசம் அடியைத் தாங்காமையால் தலையில் காயமுற்று இறந்தார். அவர் நண்பர்கள் 1957-இல் அவர் பெயரால் ஓர் அறநிலையத்தை நிறுவி, தலைக்கவசங்களை ஆய்வுச்சாலையில் மோதிப் பார்த்துத் தரம் பிரிக்கத் தொடங்கினர். கவசம் அணிந்தால் போதும் என்ற நிலை மாறி, எத்தகைய கவசம் என்று கேட்கும் அறிவு அதன்பின் வந்தது.

தலைக்கு அடுத்தபடி தேகத்தைக் கட்டிக் காக்கும் பெல்ட் வந்தது. விமானத்திலிருந்து விமானியை வெளியே எறியும் இருக்கையைப் பற்றி ஆராய்ந்து பழகிய நில்ஸ் போலின் என்ற பொறியாளர், 1959-இல் வால்வோ கம்பெனிக்காக, மார்பையும் இடுப்பையும் ஒரே கொளுவியில் இணைக்கும் மூன்றுமுனை சீட் பெல்டை உருவாக்கினார். அதனைப் பிறரும் தடையின்றிச் செய்துகொள்ள அக்கம்பெனி இடமளித்தது. ஆயினும் பந்தய வீரர்கள், தீப்பற்றிய காருள் கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே தூக்கியெறியப்படுவதே மேல் என்று வாதித்து, நெடுங்காலம் பெல்டை வெறுத்தார்கள். பார்முலா ஒன் பந்தயங்களில் ஆறுமுனை பெல்ட் கட்டாயமானது 1972-இலேதான்.

ஏன் ஆறு முனை என்பதை 1970 செப்டம்பர் 5 அன்று மோன்ஸாவில் நேர்ந்த மரணம் விளக்குகிறது. அவ்வாண்டின் உலகச் சாம்பியனாக இறந்தபின் அறிவிக்கப்பட்ட ஜோகன் ரின்ட், தோள் பட்டைகளையும் இடுப்புப் பட்டையையும் அணிந்தாரேயன்றி, தொடைகளுக்கிடையே வரும் அடிப்பட்டையை அணிய மறுத்தார். கார் தடுப்பில் மோதிய அந்த க்ஷணத்தில் அவர் உடல் பட்டைக்கு அடியில் முன்னோக்கி வழுக்கிச் செல்ல, உயிரைக் காக்க வேண்டிய அந்தக் கொளுவியே தொண்டையை அறுத்துவிட்டது. மேலிருந்து இழுக்கும் தோள்பட்டை இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடும். அதைக் கீழே பிடித்து நிறுத்த அடிப்பட்டை வேண்டும். அஃதில்லாத பெல்ட் அரைக்காப்பாகக்கூட அமையாமல் புதியதோர் அபாயமாகவே முடிகிறது.

தீயைப் பற்றிய பாடமும் இவ்வாறு வந்ததே. 1973-இல் ஹாலந்து நாட்டு ஸாண்ட்வூர்ட் தளத்தில் ரோஜர் வில்லியம்சன் என்ற இளைஞரின் கார் கவிழ்ந்து எரிந்தபோது, சக ஓட்டுநர் டேவிட் பர்லி தம் காரை நிறுத்தி ஓடிவந்து, தன்னந்தனியாக அதைப் புரட்ட முயன்றார். அருகிலிருந்த தளப் பணியாளர்களிடம் தீக்காப்பு உடை இல்லாமையால் அவர்களால் நெருங்க முடியவில்லை. இளைஞர் உயிரோடு மீளவில்லை. டூபான்ட் கம்பெனி கண்டுபிடித்த நோமெக்ஸ் என்ற தீத்தாங்கு நூல் அப்போதே கடையில் கிடைத்தது. ஆனால் ஓட்டுநர் அதை அணிந்தால் மட்டும் போதாது, உதவிக்கு வருபவனுக்கும் அது வேண்டும் என்பதை அந்தச் சில நிமிஷங்கள் உலகுக்குக் காட்டின.

கழுத்தைப் பற்றிய ஞானம் எல்லாவற்றுக்கும் பிந்தி வந்தது. உடலை ஆறு பட்டைகளால் இருக்கையோடு பிணைத்தபின், கார் சுவரில் மோதி நிற்கும்போது தேகம் நின்றுவிடுகிறது. கட்டற்ற தலையோ, கவசத்தின் பாரமும் சேர, முன்னோக்கிப் பாய்ந்து மண்டையின் அடியெலும்பை முறித்துவிடுகிறது. இதனால் நண்பரொருவரை இழந்த ஜிம் டவுனிங் என்ற ஓட்டுநரும், அவருடைய மைத்துனரும் உடலியக்கப் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டும் 1980-களில், தோள்மேல் அமர்ந்து பெல்டின் அடியில் அழுந்தி நின்று, இரு வார்களால் கவசத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹேன்ஸ் என்ற சாதனத்தை ஆக்கினார்கள். அதைப் பெரும்பாலோர் அசௌகரியம் என்று ஒதுக்கினர். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் அமெரிக்காவின் பெருவீரர் டேல் எர்ன்ஹார்ட் இத்தகைய முறிவால் இறந்தபின்புதான் மனம் மாறினார்கள். 2003-இல் பார்முலா ஒன்னிலும் அது கட்டாயமாயிற்று.

இந்த ஞானம் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியில் 1971-இல் அமைந்த இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பும், 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட தளமும் இரு மைல்கற்கள். சோழவரத்து ஓடுபாதை விமானத்துக்காக இட்டது. இருங்காட்டுக்கோட்டையோ, விலகி ஓடும் காருக்கு இடம்விட்டு, பந்தயத்துக்கென்றே வகுக்கப்பட்டது. கோயம்புத்தூரில், மாருதி காரின் என்ஜினைக்கொண்டு எளிய விலையில் பந்தய யந்திரம் சமைத்துப் பல இளைஞர்களுக்கு வழிகாட்டிய கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரைத் தாங்கிய தளம் 2003-இல் எழுந்தது. அதே கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். ஆனால் தளம் சீர்பட்டதனால் அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணலாகாது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில், பல்லாண்டு அனுபவமுடைய, 59 வயதான ஓட்டுநர் ஒருவர், வேறொரு காரோடு மோதித் தம் கார் பாதையைவிட்டு விலகி உருண்டு கவிழ்ந்ததில் உயிர் துறந்தார். சகல சாதனங்களும் பொருந்திய பந்தயக் காரிலேயே இந்நிலை என்றால், சாலைக் காரோடு வருபவன் எத்துணைச் சிரத்தையோடு இருக்க வேண்டும்!

இந்நீண்ட வரலாறு புகட்டும் பாடம் ஒன்றேயாகும். காப்புச் சாதனங்கள் ஒன்றையொன்று அவாவி நிற்பவை. ஒன்றை ஏற்றால் அது வேண்டும் மற்றொன்றையும் ஏற்றே தீரவேண்டும். கமலையில் நீர் இறைப்பவன் வடக்கயிற்றை மட்டும் புதிதாக வாங்கிக் கட்டிவிட்டு, இற்றுப்போன உருளை அச்சை அப்படியே விட்டானாயின், புதுக்கயிற்றின் பலமே அச்சை முறித்து, நீர் மொள்ளும் சால் கிணற்றுள் விழச் செய்துவிடும்.

சாலைக் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு தொகுதியோடு வருகிறது. இந்தியாவில் 1994 முதல் முன்னிருக்கைகளுக்கு பெல்ட் கட்டாயம். 2019 முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அதற்கடுத்த சில ஆண்டுகளில் முன்னமர்ந்த பிரயாணிக்கும் அது கட்டாயமாயிற்று. மோதும் க்ஷணத்தில் பெல்ட் உடலைச் சற்றே நெகிழவிட்டுப் பிடிக்கிறது. காற்றுப்பை விரிந்து தலையை ஏந்துகிறது. இருக்கையின் தலையணை பின்னிருந்து கழுத்தைத் தாங்குகிறது. கூரை நெளிந்தால் மூன்றுமுனைக் கட்டினுள் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கிறது. இவை அனைத்தும் ஒன்றையொன்று கணக்கிட்டே அமைக்கப்பட்டவை.

இத்தொகுதியின் நடுவே ஒருவன் அழகுக்காகவோ ஆவேசத்தாலோ நான்குமுனைப் பட்டையொன்றை வாங்கிப் பொருத்துவானாயின் என்ன நிகழும்? அடிப்பட்டை இல்லாமையால் ரின்டின் கதி காத்திருக்கும். நிமிர்த்திக் கட்டிய உடல், கூரை நசுங்கும்போது சாய இடமின்றி அப்பாரத்தை முதுகெலும்பில் ஏற்கும். ஹேன்ஸ் இல்லாமையால் கழுத்து தனித்து நிற்கும். சரி, உருளும்போது கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டையும் அமைத்துவிடுவோம் என்றால், கவசம் அணியாமல் கடைவீதிக்குப் போகும் அன்றாடப் பயணத்தில், சிறு மோதலிலேயே அக்குழாய் தலையைத் தாக்கும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதித்திருப்பதையும் மறத்தலாகாது. ஆதலின் வழிகள் இரண்டே: கம்பெனி தந்த தொகுதியை ஒன்றும் குலைக்காமல் காப்பது ஒன்று, கூண்டு, பந்தய இருக்கை, ஆறுமுனை பெல்ட், ஹேன்ஸ், தீக்காப்பு உடை யாவும் சேர முழுமையாகப் பந்தயக் காராக மாற்றி, அதனைச் சாலையில் ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே மிகக் கொடியது.

முதல் வழியைத் தேர்ந்தவன் புதிதாக வாங்க வேண்டியவை சிலவே. முதலாவது தலைக்கவசம். நம் ஊர்க் கடைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கிடைப்பது இருசக்கர வாகனத்துக்கென வகுத்த தரம். ஒன்றுமில்லாமைக்கு அது எவ்வளவோ மேல் என்றாலும், கார் ஓட்டுநருக்கென ஸ்னெல் நிறுவனம் எஸ்.ஏ. என்று முத்திரையிடும் கவசமே தீயிலும், இரும்புக் குழாயில் மோதும் அடியிலும் சோதிக்கப்பட்டது. பெரிய பெயரைப் பார்த்து வாங்குவதினும், நெற்றியிலும் கன்னத்திலும் ஒருசேரக் கவ்வி, தலையை அசைத்தால் தோலும் சேர்ந்து அசையுமாறு பொருந்துவதைப் பார்த்து வாங்குதல் முக்கியம். ஐந்தாண்டுக்கு மேற்பட்டதையும், ஒருமுறை அடிபட்டதையும் வெளிப்பார்வைக்கு மாசின்றி இருப்பினும் ஒதுக்கிவிட வேண்டும். உடையில், பெரம்பலூர் மண்ணில் விளையும் பருத்தியே போதும்; முழுக்கைச் சட்டையும் முழுக்காற் சட்டையும் பருத்தியாயிருக்கட்டும்; பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை.

இரண்டாவது பிரேக். கடையில் வாங்கிக் காட்டிப் பெருமைகொள்ள முடியாத இந்தச் சாதனமே, தளத்தில் முதலில் கைவிடுவது. வேகம் இரட்டித்தால் அதை நிறுத்தும்போது பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும். சாலையில் எப்போதோ ஒருமுறை அழுத்தும் பிரேக், தளத்தில் வளைவுக்கு வளைவு அழுத்தப்படுகிறது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்று குறித்த புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலில் அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்த முடியாது, குமிழியை அழுத்த முடியும். ஆதலால் கால் அழுத்த அழுத்தப் பெடல் தரைவரை இறங்குகிறது, கார் நிற்பதில்லை. புதிய ஆயிலும் தடித்த பிரேக் பேடும், எத்தனை விலையுயர்ந்த கவசமும் செய்ய இயலாத ஒன்றை, அதாவது விபத்தே நேராமல் தடுப்பதை, மிகச் சொற்பச் செலவில் செய்கின்றன.

மூன்றாவது டயர். நாரணமங்கலத்தில் பிறந்ததாயினும் வேறெங்கு பிறந்ததாயினும், ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் வரிகள் தேயாமலே ரப்பர் முதுமையுற்று இறுகிவிடுவதுண்டு. தரையைப் பற்றும் குணம் அப்போது குறைகிறது. விரல்நகத்தால் கீறிப் பார்த்து, பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் உள்ளனவா என்று வெயிலில் வளைத்துப் பார்த்தபின்னரே தளத்துக்குப் புறப்பட வேண்டும். சுற்றுகள் ஓடியபின் உஷ்ணத்தால் காற்றழுத்தம் ஏறுமாதலால் இடையிடையே அளந்து சரிசெய்தலும், சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தலும் அவசியம்.

தீயணைப்புக் கருவி ஒன்றை வைப்பது நலம்; ஆனால் அதை இரும்புப் பிடியில் போல்ட்டால் இறுக்காமல் இருக்கையடியில் உருளவிட்டால், மோதும்போது அதுவே எறிகுண்டாகிவிடும். ஜாக்கி, தண்ணீர்ப் பாட்டில், டாஷ்போர்டில் வைத்த சாமி சிலை, பிரேக் பெடலுக்கடியில் புகக்கூடிய கால்மிதி ஆகிய யாவற்றையும் தளத்தின் வாயிலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும்.

பொருள்வசதி குறைந்தவன், எந்தச் சாதனத்தை விட்டுவிடலாம் என்று கேட்கவேண்டியதில்லை; எந்த வேகத்தை விட்டுவிடலாம் என்று கேட்டால் போதும். பிரேக்குக்கும் டயருக்கும் கவசத்துக்கும் போக மீதிப் பணம் இருக்குமாயின், அதைக் கூண்டுக்கும் பட்டைக்கும் செலவிடாமல், நல்ல ஆசிரியரைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, எங்கே பார்ப்பது, எங்கே பிரேக்கைத் தொடுவது, கொடி காட்டினால் என்ன செய்வது என்பவற்றைக் கற்பதற்குச் செலவிடுவதே விவேகம். சோழவரத்தில் தொடங்கிய தலைமுறை இவற்றையெல்லாம் நண்பர்களை இழந்தே கற்றது. நமக்கோ அவை எழுதி வைத்த விதிகளாகவே கிடைக்கின்றன. அவ்விதிகளை முழுமையாக ஏற்றுக்கொண்டவன் வேகத்தை விரும்புவதில் குற்றமொன்றுமில்லை. அவனைத் தளத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோரும் மனங்கலங்க வேண்டுவதில்லை.